தூண்டிலும் துவரம்பருப்பும்

மீனைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஊரில் ஒருவன் மீன் தின்ன மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது அறமா, அடமா? என்னிடம் இதைக் கேட்டவர் மாலத்தீவின் லாமு தீவுக்கூட்டத்தில், நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில், இஸ்லாம் பாடம் நடத்திய ஆசிரியர். கேட்டதில் கேலி இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் நான் ரோஷி என்ற ரொட்டியைத் தேங்காய்த் துவையலில் தொட்டுக்கொண்டிருப்பதைப் பல வாரம் பார்த்துப் பொறுக்காமல் கேட்டார். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ஊர் திரும்பி ஓய்வும் பெற்றாயிற்று. கேள்வி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எங்கள் வீடு திருநெல்வேலியில் பழைய சைவ வீடு. ஆச்சி இருந்தவரை, அசைவம் சாப்பிடும் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட வாயைக் கொப்பளிக்கச் சொல்வாள். காயல்பட்டினம் பக்கம் போனால் கடைகளில் கரிக்கட்டை மாதிரி அடுக்கியிருக்கும் மாசிக் கருவாட்டைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவன் நான். அந்த மாசி பிறக்கிற நாட்டுக்கே வேலைக்குப் போவேன் என்று யார் கண்டது? சம்பளம் நன்றாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 2004 சுனாமி முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அந்த நாட்டின் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் அங்குள்ள உணவின் அறத்தைப் பேச முடியாது. ஏறக்குறைய 1,190 தீவுகள். எல்லாவற்றின் நிலத்தையும் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர் தேறாது. நிலம் கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம். ஒரு ஆள் உயரம்கூட இல்லை. மண் என்று நாம் சொல்கிற பொருள் அங்கே பெரும்பாலும் கிடையாது. பவளம் உடைந்து பொடியான வெண்மணல்தான். மழைநீர் அதற்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணறு தோண்டினால் கிடைப்பது அந்த மிதக்கும் நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். சுனாமி வந்தபோது பல தீவுகளில் அந்தப் படலமே கெட்டு, கிழங்குத் தோட்டங்கள் கருகிப்போயின. ராஅ தீவுக்கூட்டத்தில் கந்தொளுதூ என்ற தீவை மக்கள் அடியோடு விட்டுவிட்டு வேறு தீவில் குடியேற வேண்டியதாயிற்று.

இந்த மணலில் என்ன வளரும்? தென்னை வளரும். சீமைப்பலா, தாழை, முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய் வளரும். தெற்குத் தீவுகளில் சேம்புக் கிழங்கு உண்டு. நெல் கிடையாது, பயறு கிடையாது. புல்வெளி இல்லாததால் மாடும் கிடையாது. கொல்லாமல் வாழ்வதற்கு நம் ஊரில் மூன்று தூண்கள் இருக்கின்றன: சோறு, பருப்பு, மோர். இதை நான் அங்கே போய்த்தான் எண்ணிப் பார்த்தேன். மூன்றும் அந்த மணலில் நிற்காது.

மீன் அங்கே எல்லா வேளையிலும் உண்டு. காலையில் மஸ்ஹுனி: தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, அதோடு உதிர்த்த சூரை மீன். மதியம் கருதியா என்ற தெளிந்த மீன்சாறு, சோற்றில் ஊற்றிக்கொள்ள. அந்தச் சாற்றையே மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சினால் வருவது ரிஹாகுரு. புளிக்குழம்பு வண்டல் நிறத்தில் கெட்டியாக இருக்கும், வருடக்கணக்கில் கெடாது. பக்கத்து வீட்டு அக்கா அதைக் காய்ச்சும் நாளில் நான் கடற்கரையோரம் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த அக்காதான், நான் மீன் தின்னாதவன் என்று தெரிந்த மறுநாள், முருங்கைக்கீரையை அரிந்து தேங்காயும் எலுமிச்சையும் பிசைந்து, மீன் போடாத மஸ்ஹுனி ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். “இதில் ஒன்றுமே இல்லையே சார்” என்று வருத்தப்பட்டார். எனக்கோ அது சொதிக்கு அடுத்தபடியான விருந்தாக இருந்தது.

ஆறு மாதம் போனபின் என் சமையலறையைக் கணக்கு வாத்தியார் கண்ணோடு ஒருநாள் பார்த்தேன். துவரம்பருப்பு, அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவை. 1981-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் இன்னின்ன சரக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு செய்து அனுப்புகிறார்கள். கட்டடத்துக்கான ஆற்றுமணலும் ஜல்லியும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. சில சரக்குகள் தூத்துக்குடித் தோணிகளில் வரும். மாலேயில் இறங்கி, அங்கிருந்து சரக்குப் படகில் தெற்கே எங்கள் தீவுக்கு. என் ஒருபிடி பருப்பை வேகவைக்கும் எரிவாயு, அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க ஓடும் டீசல் ஜெனரேட்டர், இரண்டுக்கும் எண்ணெய் வெளியிலிருந்து. பக்கத்து வீட்டு அக்காவின் மீனோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் அன்று காலை ஒரு ஆள் கையால் இழுத்தது. கொலை செய்யாமல் சாப்பிடுவதற்கு நான் கடலையே எண்ணெயில் நனைக்க வேண்டியிருந்தது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போனால் காணாமல் போகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வாதத்தைச் சோம்பேறிகள் விரும்புவார்கள். ‘பார்த்தீர்களா, சைவமும் பாவம்தான், எல்லாம் ஒன்றுதான்’ என்று கையைத் துடைத்துக்கொண்டு பிரியாணிக்கு உட்காருவார்கள். எல்லாம் ஒன்றல்ல. கப்பலின் புகை ஒரு கேடு; கண்ணெதிரே துடிக்கிற உயிர் வேறொரு கேடு. ஒன்றை இன்னொன்றால் கழித்துப் பூஜ்யம் காட்டுகிற கணக்கை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

துடிப்பதை நான் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பார்க்காமல் மறுப்பது வெறும் பழக்கமாகிவிடுமே. எங்கள் தீவில் ஒரு கேயொளு, அதாவது மீன்பிடித் தோணியின் தலைவர், வயதானவர். அவருடைய பேரன் என்னிடம் படித்தான். அவரிடம் கேட்டதும், தின்னாதவன் எதற்கு வருகிறான் என்று யோசித்தாரே தவிர மறுக்கவில்லை. வருடத்தை இருபத்தேழு நட்சத்திரப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தப் பக்கம் காற்று, எங்கே மீன் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் அவர்கள். அசுவினி, பரணி, கார்த்திகை என்று நம் பாட்டிமார் சொல்கிற அதே வரிசை. பெயர்கள் கொஞ்சம் உருமாறியிருக்கும். ஐந்து வேளை தொழுகிற அந்த மனிதரும் கோளறு பதிகம் சொல்லிவிட்டுக் கிளம்பிய நானும் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினோம்.

முதல் வேலை இரை பிடிப்பது. பவளப்பாறை ஓரத்தில் வலையைத் தாழ்த்தி, நெத்தலி போன்ற பொடிமீன்களை உயிரோடு அள்ளி, தோணியின் வயிற்றில் கடல்நீர் ஓடுகிற தொட்டியில் விட்டார்கள். பிறகு வெளிக்கடல். பறவைக்கூட்டம் தாழப் பறக்கிற இடத்தில் வரிச்சூரை மேலே வந்திருக்கும். அங்கே பொடிமீனை வீசி எறிந்து, தண்ணீரைத் தூறலாகப் பீய்ச்சுகிறார்கள். கடலின் மேல்தோல் கலங்கி, அடியிலிருக்கும் சூரைக்கு மேலே பெருங்கூட்டம் இருப்பதாகத் தோன்றும். பின்னணியத்தில் வரிசையாக நிற்பவர்கள் நீளத் தூண்டிலை இறக்குகிறார்கள். தூண்டில் முள்ளில் இரை கிடையாது, பளபளப்பு மட்டும்தான். முள்ளின் நுனியில் எதிர்க்கொக்கியும் கிடையாது. மீன் கவ்வியதும் ஒரே வீச்சு; தலைக்குமேல் பறந்து வந்து, கயிறு தளர்ந்ததும் தானாகக் கழன்று தளத்தில் விழுகிறது. ஒரு ஆள், ஒரு கோல், ஒரு மீன். அடுத்த வீச்சு.

விழுந்த மீன்கள் வாலால் தளத்தை அடிக்கிற ஓசையை நான் எதிர்பார்க்கவில்லை. சூரை மீன் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிட முடியும். ஓட்டம்தான் அதற்கு நுரையீரல். தளத்தில் கிடக்கும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வால்கள் பலகையில் படபடக்க, கேயொளு உரக்கக் கத்தி ஆணையிட, பையன்கள் சிரிக்க, என் பாதமெல்லாம் அந்த அதிர்வு ஏறியது. ரத்தம் இருந்தது, நிறைய. நான் கண்ணை மூடவில்லை. அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆகவே ‘அவர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்கிறார்கள்’ என்கிற பத்திரிகைப் பாட்டை என்னிடம் யாரும் பாடவேண்டாம்.

மறுநாள் இஸ்லாம் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பதிலில் நயம் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவன் இஹ்ராம் உடையில் இருக்கும்போது நிலத்து விலங்கை வேட்டையாடக் கூடாது. அந்த நேரத்திலும் கடல் வேட்டைக்குத் தடையில்லை. ஆட்டை அறுக்க இறைவன் பெயர் சொல்லவேண்டும், முறை இருக்கிறது. மீனுக்கு அறுப்பே கிடையாது. “கடல் பயணிகளுக்காகத் திறந்து வைக்கப்பட்டது சார். நாங்கள் எல்லோரும் பயணிகள்தான், நிற்கிற இடமே நகர்கிறதே” என்றார். வழங்குகிறவன் வழங்கினான், வாங்கிக்கொள்வது நன்றி. மறுப்பது ஒருவகையில் நன்றிகெட்டதனம். அது அவர் கட்சி. கொடுத்தவன் உயிரையும் மீனுக்குத்தானே முதலில் கொடுத்தான் என்பது என் கட்சி. இருவரும் மசியவில்லை. தேநீர் வந்தது.

நம் பக்கத்து நூல்கள் இதற்கு என்ன சொல்கின்றன என்று பிறகு கிளறினேன். வள்ளுவரின் புலால் மறுத்தலில் ஒரு வாதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். தின்பதற்காகக் கொல்லும் வழக்கம் உலகில் இல்லையென்றால் விலைக்கு விற்பவனும் இருக்கமாட்டான் என்பார். வாங்குகிறவன் ‘நானா கொன்றேன்’ என்று தப்பிக்க முடியாதபடி மடக்குகிறார். ஆனால் இது சந்தை இருக்கிற ஊரின் வாதம். கசாப்புக்காரன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், நடுவில் தராசு. லாமுவில் கொன்றவன்தான் தின்கிறான், தின்கிறவன் பிள்ளைதான் நாளைக்குக் கொல்லப்போகிறான். அங்கே மடக்குவதற்கு ஒளிந்திருப்பவன் யாரும் இல்லை. ஐரோப்பாவில் மீன் அடைத்த தகர டப்பாவைத் திறந்து சாலட்டில் போடுகிறவருக்கு வள்ளுவர் நேராகப் பொருந்துவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவ்வளவாகப் பொருந்தமாட்டார்.

லாமுவிலேயே இஸ்தூ தீவில் ஒரு மண்மேடு உண்டு. ஒருகாலத்தில் பௌத்த தூபி. பக்கத்திலுள்ள கன் தீவில் தொல்லியல் ஆய்வாளர் எச்.சி.பி. பெல் 1922-இல் தோண்டிப் பார்த்திருக்கிறார். மரபுப்படி 1153-இல் அரசர் இஸ்லாத்தைத் தழுவும்வரை இங்கெல்லாம் பிக்குகள் இருந்தார்கள். அவர்கள் ஓட்டில் என்ன விழுந்திருக்கும்? தேங்காயும் மீனும்தான் விழுந்திருக்க வேண்டும். தேவதத்தன் புத்தரிடம் போய்ச் சங்கத்தில் யாரும் மீனும் ஊனும் உண்ணக்கூடாது என்று கட்டாய விதி கேட்டபோது அவர் மறுத்தார். தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் ஏற்கலாம் என்றார். இந்தியச் சமவெளியில் அந்த விதி பிக்குவுக்கு ஒரு நிழல் தந்திருக்கும். அரைமணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய தீவில், பார்க்காமல் கேட்காமல் எங்கே போய் நிற்பது? அந்தத் தூபியின்மேல் முளைத்திருந்த புதரைப் பார்த்தபடி இதைத்தான் யோசித்தேன். பின்னால், 1343-இல், உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா வந்து காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்தார். இங்கத்து மீன் ஆட்டிறைச்சி மணம் வீசுவதாகவும், நாலு துண்டாக்கி அவித்துப் புகையில் காயவைத்து இந்தியா, சீனா, ஏமன்வரை அனுப்புவதாகவும் எழுதிவைத்தார். அந்த உணவு தன் உடம்புக்கு வேறென்ன வலிமையெல்லாம் தந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார் அதை எடுத்துச் சொல்லக்கூடாது.

எனக்குக் கைகொடுத்தது மணிமேகலைதான். ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து நாகர் வாழும் கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் மனிதரையே தின்கிறவர்கள். அவன் அவர்கள் மொழி அறிந்தவன் என்பதால் பேச்சு நடக்கிறது. கொல்லாதே, கள்ளும் ஊனும் கூடாது என்று அறம் சொல்கிறான். நாகர் தலைவன் கேட்கிற கேள்வி உலக இலக்கியத்தில் வைக்கத் தகுந்தது: அதையெல்லாம் விட்டால் இந்த உடம்பு அதன் நாள்வரை தாங்குமா? எங்களால் ஆகக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல். சாதுவன் கோபப்படவில்லை. கலம் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், தானாக மூத்துச் சாகிற விலங்கைத் தவிர வேறு உயிருக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று குறைத்துக்கொள்கிறான். தலைவனும் இது எங்களால் ஆகும் என்று ஒப்புக்கொள்கிறான்.

இதைச் சமரசம் என்று ஒருகாலத்தில் வகுப்பில் படித்தபோது நினைத்துக் கடந்திருப்பேன். லாமுவுக்குப் போய்வந்தபின் அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு ஊர் ‘உன்னால் ஆகும் எல்லை எது’ என்று கேட்பது, ஒரே சட்டத்தை எல்லார் தலையிலும் வைப்பதைவிடக் கடுமையானது. சட்டத்தைக் கடைப்பிடித்துவிட்டுத் தூங்கலாம். எல்லையைத் தினமும் தேடவேண்டும். நம் அறுபத்துமூவரில் அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளையர். பிடித்த மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒன்றே ஒன்று கிடைத்த நாளிலும் அந்த ஒன்றை விட்டார். வலையைத் தூக்கிப்போடு என்று சிவன் அவரிடம் கேட்கவேயில்லை. சைவம் என்ற பெயரை உணவுக்கு வைத்துக்கொண்ட நாங்கள், சேக்கிழார் பாடிய இந்தச் சைவரை எந்தப் பந்தியில் உட்காரவைப்போம்?

மாலத்தீவுக்காரர்களின் எல்லை தூண்டில். அந்நாட்டுக் கடலில் சூரைக்கு வலை வீசக்கூடாது; பெரிய கப்பல்கள் சுற்றுவலை போட்டுக் கூட்டத்தையே வாரிக்கொண்டுபோகும் தொழிலுக்கு இடமில்லை. வரிச்சூரை சீக்கிரம் வளர்ந்து இரண்டு வயதுக்குள் இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும், வெப்பக் கடலில் வருடம் முழுக்க முட்டையிடும். ஒவ்வொன்றாக இழுக்கிற கையால் அதைத் தீர்த்துவிட முடியாது. 2010-இல் சுறா பிடிப்பதையே முழுதாகத் தடைசெய்தார்கள். 2012-இல் அவர்களது தூண்டில் மீனுக்குப் பன்னாட்டுச் சான்றிதழும் கிடைத்தது. அதெல்லாம் சரி. இரைக்காக அள்ளுகிற பொடிமீனை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை என்பதையும் நான் பார்த்தேன். ஒரு சூரைக்குப் பின்னால் எத்தனை பொடிமீன்? கேயொளுவிடம் கேட்டேன். “அது இரை சார், மீன் இல்லை” என்றார். ஒவ்வொரு எல்லைக்கும் அப்பால் எண்ணப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது போலும். எங்கள் வீட்டில் அது கறந்து முடிந்த மாடு. கன்றுக்குட்டி ஆண் என்றால் எங்கே போகிறது என்று ஆச்சி கேட்டதே இல்லை.

கேயொளு என்னைத் திருப்பிக் கேட்ட கேள்வி இன்னொன்று. தூத்துக்குடியில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்றார். இழுவலைப் படகு கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு போவதைச் சொன்னேன். வேண்டியது வேண்டாதது எல்லாம் ஏறும், வேண்டாதது கோழித்தீவனத்துக்கும் உரத்துக்கும் போகும் என்றேன். அவர் நம்பவில்லை. நம் ஊரை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், மீன்கள் முட்டையிடும் காலம் என்று வருடத்தில் கொஞ்ச நாள் படகையே இறக்கவிடாமல் அரசாங்கம் தடுக்கும் என்றேன். “மீதி நாள்?” என்றார்.

மீன் தின்னாதவன் அதற்கு ஏன் பதில் சொல்லவேண்டும் என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேலையற்றவன் வேலை. நான் இன்னமும் மீன் தின்பதில்லை. தளத்தில் அந்த வால்களின் அதிர்வை உணர்ந்த கால் என்னுடையது. பக்கத்து வீட்டு அக்கா தின்பதைத் தாழ்வாக நினைக்கவும் என்னால் ஆகவில்லை. அங்கே எனக்குச் செலவு வைத்த விரதம் இங்கே இலவசம். பருப்பும் மோரும் தெருமுனையில் கிடைக்கிற ஊரில் புலால் உண்ணாமை எனக்கு எந்தச் சிரமத்தையும் தருவதில்லை. நாகர் தலைவன் கேட்டதை நானே என்னிடம் கேட்டால், இங்கே என்னால் ஆகும் அறம் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கவேண்டும். பாலை என்ன செய்வது என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காபியை நினைத்ததும் யோசனை நின்றுவிடுகிறது.

போன மாதம் பாளையங்கோட்டையில் இயற்கை விவசாயக் காய்கறி விற்கிற தம்பியிடம் முருங்கைக்கீரை வாங்கினேன். துளி ரசாயனம் கிடையாது அண்ணாச்சி, வெறும் மீன் அமிலம்தான் தெளிக்கிறோம் என்றான். அது என்ன என்று கேட்டேன். மார்க்கெட்டில் வாங்கிய மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து ஊறவைத்த சாறாம். கீரை எப்படிப் பசேல்னு இருக்கு பாருங்க என்று ஒரு கட்டை உதறிக் காட்டினான். பசேலென்றுதான் இருந்தது. எந்த மீன் என்றேன். அவனுக்கு அது விநோதமான கேள்வியாகப் பட்டிருக்கவேண்டும். படகுக்காரன் கழிச்சுப் போடுறதுதான் அண்ணாச்சி, அதுக்கெல்லாம் பேரா வைப்பாங்க என்றான். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன். தேங்காயும் எலுமிச்சையும் வீட்டில் இருந்தன.